கணக்கில் வராத நோயாளிகள்

பாரிஸ் நகரத்தில் சல்பேத்ரியேர் என்றொரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு காலத்தில் வெடிமருந்துக்கான உப்பைத் தயாரித்த இடம். பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1656-ல் பதினான்காம் லூயி மன்னர் அதை வேறு காரியத்துக்கு ஒதுக்கினார். ஏழைப் பெண்கள், பிச்சையெடுப்பவர்கள், ஆதரவற்ற கிழவிகள், சித்தம் கலங்கியவர்கள் என்று ஊருக்கும் வீட்டுக்கும் வேண்டாதவர்களாகப் போன பெண்களை அடைத்துவைக்க ஒரு பெரிய கட்டடம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி என்றதும் வெள்ளைக் கோட்டு, ஸ்டெதாஸ்கோப், டெட்டால் வாசனை என்றெல்லாம் கற்பனை செய்துவிடாதீர்கள். பாதி ஜெயில், பாதி சத்திரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எஸ்கிரோல் என்று ஒரு டாக்டர் வேலை பார்த்தார். நல்ல மனிதர். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாதீர்கள், அவர்களும் மனுஷர்கள்தான் என்று வாதாடிய கோஷ்டியைச் சேர்ந்தவர். அவர் ஒரு காரியம் செய்தார். அங்கே இருந்த வலிப்பு நோயாளிகளை எண்ணினார். காக்காய் வலிப்பு என்கிறோமே, அதேதான். மொத்தம் 385 பெண்கள். அதில் 46 பேருக்கு வந்தது வேறு மாதிரி வலிப்பு என்று ஒதுக்கினார். மிச்சம் 339. இவர்களில் எத்தனை பேருக்குப் புத்தி சரியாக இருக்கிறது?

ஐந்தில் ஒருவருக்குத்தான். மீதி நான்கு பேருக்கும் சித்தப்பிரமை, மறதி, வெறி, மந்தபுத்தி என்று ஏதோ ஒன்று. 1838-ல் வெளியான தன் பெரிய புத்தகத்தில் இதை அவர் எழுதிவைத்தார்.

எண்ணியதில் தப்பே கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாரிஸில் வருஷத்துக்கு இரண்டு தடவை வலிப்பு வந்து, மற்ற நாளெல்லாம் ரொட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி இருந்திருப்பாள் இல்லையா? வலிப்பு வந்தாலும் கணக்குவழக்குகளைக் கச்சிதமாகக் கவனித்துக்கொண்ட குடும்பத் தலைவி? அவர்களெல்லாம் எஸ்கிரோலின் கணக்கில் எப்படி வருவார்கள்? அவர்கள் ஏன் சல்பேத்ரியேருக்குப் போகப்போகிறார்கள்? வலிப்பு மட்டும் இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வலிப்போடு புத்தியும் தடுமாறினால்தான் குடும்பம் கைவிடும். அந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வலிப்பு வந்தால் ஐந்தில் நான்கு பேருக்குப் புத்தி கெடும் என்றால் என்ன அர்த்தம்?

இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டார். லண்டனில் ஜான் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் என்ற டாக்டர். 1861-ல் வலிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனநோய் விடுதிகளில் இருப்பவர்களை வைத்து வலிப்பு நோயை எடைபோடக்கூடாது, வலிப்பு வந்தால் புத்தி கெட்டே தீரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பது அவர் கட்சி. கட்சி சரிதான். ஆள் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்றால், உலகம் அப்போது எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. வலிப்பு நோயாளிகளுக்கென்றே தனிக் குடியிருப்புகள் வரத் தொடங்கின. ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகருக்குப் பக்கத்தில் 1867-ல் ஒன்று. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் 1893-ல், நியூயார்க் மாகாணத்தில் 1896-ல். வயல், மாட்டுக்கொட்டகை, தச்சுப்பட்டறை என்று எல்லாம் உள்ளேயே. நல்லெண்ணத்தில் தொடங்கியவைதான், சந்தேகமில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வசதி! நோயாளிகளைத் தேடி அலையவேண்டாம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே காம்பவுண்டுக்குள். ஃபிரான்ஸில் ஆல்ஃப்ரட் பினே கண்டுபிடித்த அறிவுச்சோதனை அமெரிக்காவுக்கு வந்த சூட்டோடு சூடாக, 1910-களின் தொடக்கத்திலேயே நியூஜெர்சியில் இருந்த ஒரு வலிப்புக் கிராமத்தில் அதை நடத்திப் பார்த்தார்கள். மதிப்பெண்கள் கீழே கிடந்தன.

கிடக்காமல் என்ன செய்யும்? அந்தக் காலத்தில் வலிப்புக்கு மருந்து புரோமைடு உப்பு. பொட்டாசியம் புரோமைடு. கொஞ்சம் அதிகமானால் ஆள் மந்தமாகிவிடுவார், பேச்சு குழறும், தூக்கம் சொக்கும். அதை வருஷக்கணக்கில் விழுங்கியவர்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள், வெளியுலகத்தைப் பார்த்தே பல காலம் ஆனவர்கள். இவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்து, இந்தப் படத்தில் என்ன குறை என்று கேட்டால்? சோதனையில் அளந்தது நோயையா, மருந்தையா, மதில்சுவரையா?

இது டாக்டர்களுக்குள் நடக்கும் சண்டை, நமக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதவே வேண்டியதில்லை.

அந்த எண்கள் சட்டப்புத்தகத்துக்குள் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கனெக்டிகட் மாகாணம் வலிப்பு உள்ளவர்களின் திருமணத்துக்குத் தடை போட்டது. வேறு பல மாகாணங்களும் பின்னாலேயே வந்தன. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், வலிப்பு உள்ளவர்கள் கப்பலை விட்டு இறங்கவே கூடாது என்றது. வர்ஜீனியா மாகாணம் ஒரு விடுதி கட்டியது. அதன் பெயரைக் கவனியுங்கள்: வலிப்பு நோயாளிகளுக்கும் மந்தபுத்திக்காரர்களுக்குமான அரசுக் குடியிருப்பு. இரண்டும் ஒரே பெயர்ப்பலகையில், ஒரே மூச்சில். அந்த விடுதியில் இருந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கு 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. செய்தார்கள். அவருக்கு மந்தபுத்தி என்று முத்திரை குத்தியதே தப்பு என்பது பின்னால் தெரிந்தது.

1933-ல் ஹிட்லரின் ஜெர்மனி கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் நோய்ப் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. எஸ்கிரோல் இதையெல்லாம் கனவில்கூட நினைத்திருக்கமாட்டார்.

சரி, இந்தக் கணக்கைத் திருத்தியது யார்?

முதல் பெயராக வில்லியம் லெனாக்ஸைச் சொல்லவேண்டும். அமெரிக்கர். இளவயதில் சீனாவுக்குப் போய் மிஷனரி டாக்டராக வேலை பார்த்தவர். அங்கே சக மிஷனரி ஒருவரின் மகளுக்கு வலிப்பு. அந்தப் பெண்ணைப் பார்த்ததில் ஏற்பட்ட ஆர்வம், ஆயுளுக்கும் அதே நோயைத் துரத்தவைத்தது. பாஸ்டனுக்குத் திரும்பி, ஹார்வர்டில் ஆராய்ச்சி. 1942-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, புத்தி மழுங்குவதற்கு வலிப்பு மட்டுமே காரணமா, மூளையில் முன்பே இருந்த காயம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, சூழ்நிலை எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டது. 1947-ல் தன் சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து இன்னொன்று. இந்த முறை விடுதிப் பக்கமே போகவில்லை. ஃபீஸ் கொடுத்து டாக்டரிடம் வந்த 300 தனியார் நோயாளிகளின் அறிவுத்திறனைப் பார்த்தார்கள். பொதுஜனங்களின் சராசரிக்குக் குறைவாக இல்லை.

உடனே கைதட்டிவிடாதீர்கள். ஃபீஸ் கொடுத்து ஸ்பெஷலிஸ்ட்டிடம் வருகிறவர் யார்? காசுள்ளவர், படித்தவர். விடுதி ஒரு வாசல் என்றால் இதுவும் ஒரு வாசல்தான். அங்கே அடித்தட்டு வந்தது, இங்கே மேல்தட்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்த பெருங்கூட்டத்தை இன்னமும் யாரும் எண்ணவில்லை.

லெனாக்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே மனிதர் 1938-ல் 'அவர்கள் வாழத்தான் வேண்டுமா?' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தேறவே வழியில்லாதவர்களை உயிரோடு வைத்திருப்பதன் செலவைப் பற்றிய கட்டுரை. கருணைக்கொலைக்கு அதில் ஆதரவு தெரிகிறது. வலிப்பு நோயாளிகளின் கௌரவத்துக்காகப் போராடிய அதே கை. சரித்திரத்தில் ஆட்கள் நம் வசதிக்கு ஏற்றபடி கிடைப்பதில்லை.

1946-ல், மேயோ கிளினிக்கில் இருந்த ஜோசஃப் பெர்க்சன் என்ற புள்ளியியல் நிபுணர் இந்த வாசல் விவகாரத்துக்குக் கணக்குப்போட்டே ஒரு விளக்கம் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது பித்தப்பை நோயும் சர்க்கரை வியாதியும். நாம் நம் விஷயத்துக்கு மாற்றிக்கொள்வோம். இது வெறும் உதாரணக் கணக்குதான்.

ஓர் ஊரில் வலிப்பு உள்ளவர்கள் 1000 பேர். இவர்களில் 100 பேருக்கு மட்டும் ஞாபகசக்தியிலோ புத்தியிலோ பிரச்னை. அதாவது பத்தில் ஒருவர். வலிப்பு மட்டும் உள்ள 900 பேரில், பத்துக்கு ஒருவர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஆக, 90 பேர். இரண்டு பிரச்னையும் உள்ளவர்களோ, சமாளிக்க முடியாமல், பத்துக்கு எட்டுப் பேர் போய்விடுகிறார்கள். ஆக, 80 பேர். இப்போது ஆஸ்பத்திரிக்குள் நின்று எண்ணுங்கள். மொத்தம் 170 பேர். அதில் 80 பேருக்குப் புத்தியில் பிரச்னை. கிட்டத்தட்டப் பாதி! ஊரில் பத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில் இரண்டில் ஒன்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டாக்டர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

பி.காம். படித்தபோது ஆடிட்டிங் வகுப்பில் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாயிரம் வவுச்சரையும் பார்க்க ஆயுள் போதாது, கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் கேஷியர் எடுத்துக்கொடுக்கிற கட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே என்பார் புரொஃபசர். எடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆக, எல்லோரையும் பார்க்கவேண்டும். எப்படி? இங்கிலாந்தின் தெற்குக் கரையில் வைட் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. சுற்றிலும் கடல் என்பதால், யார் உள்ளே, யார் வெளியே என்ற குழப்பம் கிடையாது. 1960-களின் நடுவில் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர், இரண்டு சகாக்களோடு சேர்ந்து, தீவில் பள்ளிக்கூட வயதில் இருந்த பிள்ளைகளையெல்லாம் கணக்கெடுத்தார். பள்ளிக்கூடம், ஊர் டாக்டர், ஆஸ்பத்திரி, ஒன்றையும் விடவில்லை. வலிப்பு உள்ள பிள்ளைகள் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி, பட்டியலில் வந்தாகவேண்டும்.

1970-ல் முடிவுகள் புத்தகமாக வந்தன. மூளையில் வேறு கோளாறு ஏதுமில்லாமல் வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளின் அறிவுத்திறன், மற்ற பிள்ளைகளைப் போலவேதான் இருந்தது. எஸ்கிரோலின் ஐந்தில் நான்கு எங்கே, இது எங்கே?

ஆனால், எல்லாம் சுபம் என்று ரட்டர் சொல்லவில்லை. அதே பிள்ளைகளில் பலர் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். மனநலப் பிரச்னைகள் மற்ற பிள்ளைகளைவிடச் சுமார் நான்கு மடங்கு. புத்தி இருக்கிறது, ஆனால் படிப்பு ஏறவில்லை, மனசு தவிக்கிறது. உண்மையில் உதவி தேவைப்பட்ட இடம் அது. புத்தி மழுங்கும் என்று சாதித்துக்கொண்டிருந்த இத்தனை வருஷத்தில் இந்த இடத்தைப் பார்க்கவே முடியாமல் போயிருந்தது.

இன்னும் ஒருபடி மேலே போனார்கள் அமெரிக்காவில். நோய் வந்தவர்களைத் தேடுவதால்தானே பிரச்னை? நோய் வருவதற்கு முன்பே, ஏன், பிறப்பதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்துவிட்டால்? 1959-ல் தொடங்கி, 12 ஆஸ்பத்திரிகளில், பிரசவத்துக்கு வந்த கர்ப்பிணிகளைப் பதிவு செய்துகொண்டார்கள். சுமார் 54,000 கர்ப்பங்கள். பிறந்த குழந்தைகளை ஏழு வயதுவரை விடாமல் தொடர்ந்தார்கள். அவர்களில் யாருக்கு வலிப்பு வரும், யாருக்கு வராது என்று அப்போது கடவுளுக்கே வெளிச்சம். அதனால் யாரும் யாரையும் பொறுக்கி எடுக்க முடியாது.

கரின் நெல்சன் என்ற குழந்தைகள் நரம்பியல் நிபுணரும் ஜோனஸ் எல்லன்பெர்க் என்ற புள்ளியியல் நிபுணரும் அந்தக் குவியலில் உட்கார்ந்தார்கள். காய்ச்சல் அடிக்கும்போது குழந்தைக்குத் தூக்கிப்போடுமே, நம் பாட்டிமார்கள் ஜன்னி என்பார்கள், அந்த ஜுர வலிப்பு வந்த 1,706 குழந்தைகள் கிடைத்தார்கள். 1976-ல் முதல் கட்டுரை. 1978-ல் அடுத்தது. அதில் ஜுர வலிப்பு வந்த 431 குழந்தைகளை, அதே வீட்டில் வளர்ந்த, வலிப்பு வராத உடன்பிறப்போடு ஒப்பிட்டார்கள். ஒரே அப்பா அம்மா, ஒரே சாப்பாடு, ஒரே தெரு. ஏழு வயதில் அறிவுச்சோதனை. வித்தியாசம் இல்லை.

1980-ல் அவர்கள் எழுதியதுதான் எனக்குப் பிடித்த கட்டுரை. அதுவரை உலகத்தில் வந்த ஜுர வலிப்பு ஆராய்ச்சிகளையெல்லாம் இரண்டாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எண்ணியவை ஒரு பக்கம், ஊரையே எண்ணியவை இன்னொரு பக்கம். கேள்வி ஒன்றே ஒன்று: ஜுர வலிப்பு வந்த குழந்தைக்குப் பின்னால் ஜுரம் இல்லாமலேயே வலிப்பு வர எவ்வளவு வாய்ப்பு? ஊரை எண்ணிய ஆராய்ச்சிகளின் பதில்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 4.6 சதவிகிதத்துக்குள் அடங்கின. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிகளின் பதில்கள்? 2.6-ல் ஆரம்பித்து 76.9 வரை! ஒரே நோய். ஒரே கேள்வி. எந்த டாக்டர் எந்த ஆராய்ச்சியைப் படித்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு தாய்க்கு, ஒன்றும் ஆகாதம்மா என்றும் சொல்லியிருக்கலாம், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம்.

வலிப்புக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று ஒரு நரம்பு நோய். சுருக்கமாக எம்.எஸ். வருஷக்கணக்கில் கூடவே இருக்கும். கால் தடுமாறும், பார்வை மங்கும். 1860-களில் இதைத் தெளிவாக விவரித்தவர் ஷார்க்கோ. வேலை பார்த்த இடம், வேறெங்கே, அதே சல்பேத்ரியேர்தான். இந்த நோயாளிகளுக்கு ஞாபகசக்தியும் குறைகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பின்னால் வந்த தலைமுறைகள் அதை மறந்துபோய், எம்.எஸ்.ஸில் புத்திக்குப் பாதிப்பு அபூர்வம் என்று நம்பின. படுக்கை அருகில் நின்று நாலு கேள்வி கேட்டால் நோயாளி சரியாகத்தானே பதில் சொல்கிறார்! 1980-ல் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, புத்தி நன்றாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பாதிப்பு இருந்தது. உடனே ஊசல் அந்தக் கோடிக்குப் போனது. ஆஸ்பத்திரியில் வைத்துச் சோதித்தவர்கள், பாதிக்கும் மேல், மூன்றில் இரண்டு பங்கு வரைகூட என்றார்கள்.

1991-ல் ஸ்டீஃபன் ராவ் என்பவரின் குழு, அமெரிக்காவின் மில்வாக்கியில், ஆஸ்பத்திரி வாசலை விட்டு விலகி, எம்.எஸ். நோயாளிகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து 100 பேரை அழைத்தது. வயதிலும் படிப்பிலும் அவர்களுக்கு ஈடான ஆரோக்கியமானவர்கள் 100 பேரைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் பிடித்தார்கள். நோயாளிகளில் 48 பேர் சோதனையில் தடுமாறினார்கள். நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்களிலும் 5 பேர் தடுமாறினார்கள். 48-ல் 5-ஐக் கழித்தால் 43. எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் 43 சதவிகிதம் பேருக்குப் பாதிப்பு என்ற கணக்கு அப்படி வந்தது. அபூர்வம் என்றதும் தப்பு, மூன்றில் இரண்டு என்றதும் தப்பு.

இந்தக் கணக்கிலும் ஓட்டை தேடலாம். சங்கத்தில் சேராதவர்கள் உண்டு. ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை என்று நாளைக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினால், எனக்கு மறதி வருகிறதோ என்று பயந்தவர் முதலில் வந்து நிற்பார். நன்றாக இருப்பவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ரொம்பவும் முடியாதவரோ, பல மணி நேரம் உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும் என்றதுமே வரமாட்டார். இரண்டு பக்கமும் கழிந்து, நடுவில் மிஞ்சியவர்கள்தான் ஆராய்ச்சியில் நோயாளி என்று பெயர் எடுக்கிறார்கள். இன்றைக்கும்.

மறுபடி வலிப்புக்கு வருகிறேன். ஒரு பாக்கி இருக்கிறது. நெல்சனும் எல்லன்பெர்க்கும் முதல் கட்டுரையை வெளியிட்டது 1976 என்று சொன்னேன் அல்லவா? வைட் தீவு முடிவுகள் வந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதே 1976-ல், எமர்ஜென்சி காலத்தில், இந்திய நாடாளுமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. விவாகரத்தை எளிதாக்கிய, பல விதங்களில் முற்போக்கான திருத்தம். ஆனால் யாரெல்லாம் திருமணம் செய்துகொள்ளத் தகுதியில்லாதவர்கள் என்ற பிரிவில், அடிக்கடி பைத்தியம் பிடிப்பவர்கள் என்று எழுதி, அதோடு நிறுத்தாமல், 'அல்லது வலிப்பு' என்றும் சேர்த்தார்கள். மனநோயும் வலிப்பும் ஒரே வரியில். வர்ஜீனியா பெயர்ப்பலகையைப் போலவே.

இருபத்துமூன்று வருஷம் அது சட்டமாக இருந்தது. வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்து, மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்கிய பெண்கள் எத்தனை பேரோ. நோயாளிகளின் அமைப்புகளும் டாக்டர்களும் விடாமல் மன்றாடிய பிறகு, 1999-ல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. மிகச் சின்னச் சட்டம். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த 'அல்லது வலிப்பு' என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் அது அடித்துவிட்டது.